சேசிஸ் நம்பர் இல்லாத வண்டி

எங்கள் அடுக்ககத்தில் யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டுமானாலும் என்னிடம்தான் வருகிறார்கள். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், ஓய்வூதியக்காரர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்பதற்கான சான்று, எதுவானாலும். முப்பத்தோரு வருடம் அரசு அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பரிசீலித்தவள் என்ற மரியாதை. எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும், எதை எழுதினால் எந்த மேஜையில் போய் மாட்டும் என்று சொல்லித் தருவேன். பேனாவை நீட்டினால் மட்டும் வாங்கமாட்டேன். "உங்க எழுத்து முத்து முத்தா இருக்குமே மேடம்" என்பார்கள். இருக்கும். அந்த முத்துமுத்தான எழுத்தால் பதினோரு வயதிலேயே ஒரு மனிதனின் காரியத்தை முடித்து வைத்தவள் நான். ஐம்பது வருடம் ஆகிறது. கோபம் ஆறிவிடும் என்று சொன்னவர்கள் எல்லோரும் எனக்கு முன்பே ஆறிப் போய்விட்டார்கள். கோபம் அப்படியே இருக்கிறது.

அப்போது மேற்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், பின்பக்கம் பெரிய காலியிடத்தோடு ஒரு வீட்டில் இருந்தோம். அப்பா கோட்டையில் தலைமை எழுத்தர். தினமும் ஒரே மின்சார ரயில், ஒரே பெட்டி, முடிந்தால் ஒரே ஜன்னல். அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சித்தப்பா அப்பாவுக்குப் பதினான்கு வயது இளையவர். குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை. தாத்தா சீக்கிரம் இறந்துவிட்டதால் சித்தப்பாவைப் பள்ளியில் சேர்த்தது, ஒன்பதாம் வகுப்போடு அவர் நின்றபோது அடித்தது, பட்டறையில் சேர்த்துவிட்டது எல்லாமே அப்பாதான். அந்த அதிகாரத்தை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. பட்டறைப் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொண்டு சித்தப்பா "சாவி என்னாண்ட கீது" என்று சொல்லிவிட்டால், "இருக்கிறது" என்று திருத்திவிட்டுத்தான் அப்பா சாவியை வாங்குவார்.

வடக்கே சோழவரத்தில் யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. வருடத்துக்கு ஒரு முறை அங்கே மோட்டார் பந்தயம் நடக்கும். சித்தப்பா வருடம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு, காது அடைத்து, முகமெல்லாம் சிமெண்ட் தூசியாகத் திரும்பி வருவார். ஒரு வருடம் திரும்பி வந்தவர், சாப்பிடும்போது அறிவித்தார்: "எல்லாம் காசு கொடுத்து வாங்கின வண்டி. ஒருத்தனாவது தானே கட்டின வண்டியில வர்றானா பாரு. நான் கட்டப் போறேன்."

"முதல்ல உன் சைக்கிள்ல பிரேக் மாட்டு" என்றார் அம்மா.

ஆனால் அவர் கட்டினார். பல்லாவரத்தில் லாரியில் மோதி நசுங்கிய ஒரு வண்டியிலிருந்து இருநூற்றைம்பது சி.சி. எஞ்சின் வந்தது. குழாய்க்குள் மணலை நிரப்பி, அடுப்புக்கரியில் பழுக்கக் காய்ச்சி வளைத்துச் சட்டகம் செய்தார். மட்டமான பரப்பு வேண்டும் என்பதால், பின்பக்கம் இருந்த துணி துவைக்கும் கருங்கல்லின் மேல் சட்டகத்தை ஏற்றி, நாலு பக்கமும் ஆப்பு அடித்து நிறுத்திவிட்டார். அதன்பின் அந்தக் கல் எங்களுடையதாக இல்லை. "ஒரு மாசமா இந்த வீட்ல வாளியிலதான் துணி முங்கி எழுந்திருக்குது. ரேஸுக்குப் போறவர் எந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போவாராம்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்டே, சைக்கிள் டியூப்பும் தேங்காய் நாரும் வைத்து அந்த வண்டிக்கு இருக்கையும் தைத்துக் கொடுத்தார்.

புனேவில் ஒரு தொழிற்சாலையில் சித்தப்பாவுக்கு வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. நிரந்தர வேலை. அப்பா தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தது. பந்தயம் முடிந்து சொல்கிறேன் என்று சித்தப்பா கடிதம் போட்டுவிட்டார். இந்த வண்டி அந்தத் தளத்தில் ஒரு சுற்று ஒழுங்காக ஓடினால் போதும், நாலு பேர் வண்டி கட்டித் தரச் சொல்லி வருவார்கள், இங்கேயே சொந்தப் பட்டறை என்பது அவர் கணக்கு. ஜெயிப்பதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அது ஒரு குறையாக அவருக்குப் படவில்லை. தமக்குச் செய்யத் தெரியாதவற்றைப் பற்றித்தான் அவர் தினமும் கோட்டையில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து கோடு போட்டார். இடது பக்கம் முன்மொழிவு, வலது பக்கம் மறுப்பு, அடியில் முடிவு. இருவரும் கையொப்பமிட வேண்டும். எழுதுவது நான். ஆறாம் வகுப்பு, தமிழ் மீடியம். நாலு கோட்டு நோட்டில் ஆங்கிலம் எழுதினால் பள்ளியே எடுத்துக் காட்டும். பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. அர்த்தத்தை யார் கேட்டார்கள்?

பெரிய சண்டை முன்பக்கத்தைப் பற்றித்தான். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பது கேள்வி. நன்றாகச் சாய்ந்திருந்தால் வண்டி நேர்ப்பாதையில் அசையாமல் போகும், வளைவில் முரண்டு பிடிக்கும். நிமிர்ந்திருந்தால் வளைவில் சட்டென்று திரும்பும், நேர்ப்பாதையில் வேகம் கூடும்போது கைப்பிடி நடுங்கலாம். அப்பா நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்துவிட்டு இருபத்தேழு டிகிரி என்றார். சித்தப்பா இருபத்துநாலு என்றார். அளந்தது என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானியால்.

"எண்பது மைல் வேகத்துல ஹேண்டில் ஆடினா என்னடா பண்ணுவ?"

"அண்ணே, நேரா போறது எருமைக்கும் தெரியும். கோடியில எவன் சீக்கிரம் திரும்பறானோ அவன்தான் முன்னாடி."

"கோடி வரைக்கும் உயிரோட போய்ச் சேரணும் முதல்ல."

"நீ தினமும் ரயில்ல போறவன். தண்டவாளம் மாதிரியே யோசிக்கற."

அம்மா சமையலறையில் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. "பாப்பா, எழுது. முடிவு: நிலுவையில்."

இப்படி எட்டு வாரம் நிலுவையில் இருந்தது. சக்கரங்களுக்கு இடையே எத்தனை அங்குலம், கால் வைக்கும் கம்பி எங்கே, எஞ்சின் எவ்வளவு தாழ்வாக என்று எல்லாவற்றுக்கும் முன்மொழிவு, மறுப்பு. நான் அதை வாழ்க்கையின் மிகச் சிறந்த விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னையும் ஓட்டுப் போடச் சொல்வார்கள். நான் எப்போதும் சித்தப்பாவுக்கே போட்டேன், அவர் "நம்ம இன்ஜினீயர் அம்மா சொல்லிட்டாங்க" என்பார் என்பதற்காக. கடைசியில் சட்டகத்தைப் பற்றவைக்க வேண்டிய நாள் வந்தபோது, பற்றவைக்கும் விளக்கு யார் கையில் இருந்ததோ அவர் இஷ்டப்படிதான் நடந்தது. இருபத்துநாலு டிகிரி.

முதல் சோதனை ஓட்டம் ஒரு ஞாயிறு விடியற்காலை, வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம் பக்கம். இன்றைக்கு அந்த ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க மூன்று சிக்னல் காத்திருக்கிறேன். அன்று எருமைகளும் இரண்டு லாரிகளும்தான். அப்பா புளியமரத்தடியில் கைக்கடிகாரத்தோடு நின்றார். நான் பக்கத்தில் வெள்ளைக் கைக்குட்டையோடு. ஆராதனைக்கு நேரே போக வேண்டுமென்று இருவரும் தேவாலய உடையில் இருந்தோம். வண்டி தூரத்தில் ஒரு தேனீபோல் ஆரம்பித்து, எங்களைத் தாண்டும்போது வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. தாண்டிய அடுத்த கணம் அதன் கைப்பிடி இடமும் வலமுமாக உதறியது. நாய் தண்ணீரை உதறுமே, அப்படி. சித்தப்பா உடம்போடு சேர்த்து அதை அமுக்கினார். நின்றது.

திரும்பி வந்தவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "கொஞ்சம் ஆடுச்சு. ஒரு டேம்பர் போட்டா அடங்கிடும்." டேம்பர் என்றால் கைப்பிடியின் நடுவில் திருகி இறுக்கும் ஒரு தட்டு, ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தும். அதையும் அவரே கடைந்தார். அடுத்த ஞாயிறு மறுபடி ஓட்டினார். இந்த முறை உதறல் இல்லை, ஒரு சின்ன முணுமுணுப்பு மட்டும். அப்பா அன்று ஆராதனை முழுவதும் பாட்டுப் புத்தகத்தை ஒரே பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, "எழுது பாப்பா. டேம்பர் பொருத்தப்பட்டது. முடிவு: ஏற்கப்பட்டது" என்று சொல்லிக் கையொப்பம் போட்டார். சித்தப்பா அவரைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். கோட்டையின் தலைமை எழுத்தரை அதற்கு முன்னும் பின்னும் யாரும் தூக்கியதாகத் தெரியவில்லை.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அவர் கையொப்பம் போட்டார். ஆட்சேபம் இருந்தால் எழுத ஒரு முழுப் பக்கம், வலது பக்கம், காலியாக இருந்தது.

பந்தய விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது, கூடவே விதிகள் அடங்கிய சின்னப் புத்தகம். சித்தப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கொடுத்துவிட்டார். "இது உன் டிபார்ட்மெண்ட் அண்ணே." அப்பா மூன்று இரவு உட்கார்ந்து அட்டை முதல் அட்டை வரை படித்தார். அவர் விஷயத்தில் இதைப் பெருமையாகவே சொல்வேன்: வாழ்நாளில் ஒரு படிவத்தைக்கூட அவர் குறையோடு அனுப்பியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ரேஷன் கார்டைக்கூட மூன்று முறை சரிபார்ப்பார்.

நிரப்பியது நான். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதினேன். பெயர், வயது, எஞ்சின் அளவு. ஏழாவது கட்டம் சேசிஸ் நம்பர். கம்பெனி வண்டி என்றால் சட்டகத்தில் ஓர் எண் அடித்திருக்கும். நம் வண்டியில் ஏது?

"அப்பா, இதை விட்டுடலாமா?"

"எந்தக் கட்டத்தையும் காலியா விடக்கூடாது."

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு எழுத்தெழுத்தாகச் சொன்னார். இரண்டு சொற்கள்: அப்ளைடு ஃபார். புது வண்டி வாங்கியவர்கள் எண் வருவதற்கு முன் பலகையில் எழுதிக்கொள்வார்களே, விண்ணப்பித்திருக்கிறோம் என்று, அது. எனக்கு அது தெரியாது. அழகாக எழுதினேன். மைகூடப் பரவவில்லை.

பந்தயத்துக்கு முந்தைய நாள் வண்டிகளைப் பரிசோதிப்பார்கள். வாடகை டெம்போவில் வண்டியைக் கயிறு போட்டுக் கட்டி, அப்பா, சித்தப்பா, நான் மூவரும் சோழவரம் போனோம். சித்தப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். அம்மா கெட்டிக் கஞ்சி போட்டுத் தேய்த்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார், சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார், டேம்பரைத் திருகிப் பார்த்தார். "சொந்தமா கட்டினதா? பரவாயில்லையே" என்றார். சித்தப்பாவின் காது சிவந்தது. பிறகு தொப்பிக்காரர் படிவத்தை எடுத்தார்.

"இன்னா சார் இது, அப்ளைடு ஃபார்? யாருக்கு அப்ளை பண்ணீங்க? கவர்மெண்டுக்கா, கடவுளுக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் புத்தகத்தைப் பிரித்து விதியைக் காட்டினார். சொந்தமாகக் கட்டிய வண்டிக்குக் கட்டியவனே எண் அடித்துக்கொள்ளலாம். "ஒண்ணுன்னு அடிச்சிருந்தாக்கூட போதும் சார். ஒரே ஒரு ஒண்ணு."

"இப்ப அடிச்சிடறேன் சார்" என்றார் சித்தப்பா. "பஞ்ச் கீது, சுத்தியல் கீது. ரெண்டே நிமிஷம்."

அப்பா "இருக்கிறது" என்று திருத்தவில்லை.

"ஃபார்ம்ல இருக்கிற நம்பரும் வண்டியில இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும். ஃபார்ம் க்ளோஸ் ஆகி மாசம் ஆச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாது தம்பி. அடுத்த வருஷம் வா."

சித்தப்பா அரைமணி நேரம் கெஞ்சினார். யார் யாரையோ போய்ப் பார்த்தார். எல்லோரும் வெள்ளைத் தொப்பிக்காரரிடமே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் படிவத்தை வாங்கி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதை யாரு இப்படி எழுதச் சொன்னது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழந்தைதானே எழுதினா. தெரியாம எழுதிட்டா. விடு" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. எழுதியது குழந்தைதான். தெரியாமல் எழுதியதும் உண்மைதான். பின்னாளில் சட்டமன்றக் கேள்விகளுக்கு இதே ரகத்தில் எத்தனையோ பதில்கள் தயாரித்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கும். ஆனால் அன்று நான் அதை நம்பினேன். இதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னது என் காதில் இருந்தது, இருந்தும் அப்பா சொல்வதால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும், நான்தான் எதையோ சரியாகக் கேட்கவில்லை என்று நம்பினேன். பதினோரு வயதில் ஒரு பிள்ளை தன் காதைவிட அப்பாவை நம்பும். அது தெரிந்துதான் அவர் சொன்னார்.

ஒரு விண்ணப்பத்தைக் கொல்ல அதை நிராகரிக்க வேண்டியதில்லை, ஒரே ஒரு கட்டத்தை மரியாதையாக, தவறாக நிரப்பினால் போதும் என்பது வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் எனக்குப் புரிந்தது. ஒரு கோப்பை அப்படி மூடிவிட்டு நிமிர்ந்தேன். எங்கே படித்த வித்தை என்று அப்போதுதான் உறைத்தது.

அப்பாவிடம் ஒரு முறை கேட்டேன். அவருக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஆடிச்சேம்மா. நீயும்தான் பார்த்த."

"பார்த்தேன். நோட்டுல எழுதியிருக்கலாமே?"

"எழுதினா கேட்டிருப்பானா?"

"அப்ப கையெழுத்து எதுக்குப் போட்டீங்க?"

அப்பா ஹிந்து பேப்பரை மடித்து மறுபடி பிரித்தார்.

அவர் ஒரு உயிரைக் காப்பாற்றினார் என்று என் கணவர் சொல்வார். இருக்கலாம். வண்டி ஆடியது, நான் சாட்சி. சித்தப்பா அந்தத் தளத்தில் செத்திருக்கலாம், எலும்பை முறித்துக்கொண்டிருக்கலாம், கடைசியாக வந்து சிரித்துக்கொண்டே டேம்பரைத் திருகிக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் அது அவருடையது. எட்டு வாரம் விவாதம் செய்த அப்பா, தோற்றால் தோற்றேன் என்று இருந்திருக்க வேண்டும். அல்லது, "நீ ஓட்டக்கூடாது, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அந்தப் புளியமரத்தடியில் அழுதிருக்க வேண்டும். சித்தப்பா அதைக் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அழுவதற்குப் படிவம் இல்லை என்பதால் அவர் என் கையைப் பிடித்து எழுதினார். சித்தப்பா புனே போய், போர்மேனாகி, பந்தயத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் ஓய்வு பெற்றார். அண்ணனுக்கு மாதம் ஒரு கடிதம் கடைசிவரை எழுதினார். நலம், நலமறிய ஆவல்.

அன்று திரும்பும்போது அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் சித்தப்பாவோடு. வண்டியைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்து விக்கல் வந்துகொண்டிருந்தது. செங்குன்றம் தாண்டியதும் அவர் படிவத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"பாப்பா, இதுக்கு இன்னா அர்த்தம்?"

என் ஆங்கிலத்தைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். போன மானத்தைக் கொஞ்சமாவது மீட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டுத் தைல பாட்டிலில் 'அப்ளை' என்ற சொல் இருந்தது; நெற்றியில் தடவும்போது அம்மா படித்துச் சொல்லியிருக்கிறார். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்:

"தடவியாச்சுன்னு அர்த்தம் சித்தப்பா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டிரைவருக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி வழியே, முன்னால் தெரிந்த அப்பாவின் பிடரியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தாம்பரம் வருகிறவரைக்கும் விட்டு விட்டுச் சிரித்தார். நடுவில் ஒருமுறை என் தலையை இழுத்துத் தன் கஞ்சி போட்ட சட்டையில் அழுத்திக்கொண்டார்.

அர்த்தத்தையும் தப்பாகச் சொல்லிவிட்டேன், ஒரே நாளில் இரண்டு தப்பு, அதைக் கேலி செய்கிறார் என்று நினைத்து, அவர் பிடியிலிருந்து திமிறி விலகி, வீடு வரும்வரை அவரோடு பேசாமல் வந்தேன்.